நண்டு எவ்வளவு பெரிசு?

கிள்ளானில் நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். மலாயில் ஜுருபஹாசா என்பார்கள். தமிழ் மட்டும் தெரிந்த சாட்சி கூண்டில் ஏறினால் நான் அவருக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். நீதிபதி கேட்பதை அவருக்குத் தமிழில் சொல்வேன், அவர் சொல்வதை நீதிபதிக்கு மலாயில் சொல்வேன். சாட்சி 'நான் அடிச்சேன்' என்றால் நானும் 'நான் அடித்தேன்' என்றுதான் சொல்ல வேண்டும். கெட்ட வார்த்தை வந்தால் அதையும் முகம் மாறாமல் சொல்லிவிடுவேன். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. இருபத்திரண்டு வருஷமாக இதைச் செய்கிறேன். நன்றாகச் செய்கிறேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

சாட்சி பக்கம் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டதில் கழுத்தில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. மருந்து, களிம்பு, சுடுதண்ணீர்ப் பை எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்தான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஒரு மசாஜ் கடையைச் சொன்னாள். பார்வையில்லாத ஒரு கணவனும் மனைவியும் நடத்துகிற கடை. ஆண்களுக்குக் கணவர், பெண்களுக்கு மனைவி. சனிக்கிழமை காலையில் கிள்ளானிலிருந்து ரயில் ஏறி, இறங்கி, பார்வையில்லாதவர்கள் காலால் தடவி நடக்க நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் கற்களைப் பிடித்தபடியே போனால் கடை வாசலிலேயே கொண்டுபோய் விட்டுவிடும். மூன்றாவது சனிக்கிழமையே கழுத்து திரும்ப ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் போய்க்கொண்டிருந்தேன். அந்த மனைவியின் விரல்கள் அப்படி. பேச்சும் அப்படி.

அவர்களுக்கு எட்டு வயதில் ஒரு மகள். பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும். சனிக்கிழமைகளில் கடையிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், எழுதாத நேரத்தில் அப்பாவோடு வாயாடுவாள்.

ஒரு சனிக்கிழமை நான் முகம் கவிழ்ந்து படுத்திருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் அப்பாவும் மகளும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"லோரி அளவுக்கு நண்டே இல்லப்பா. அவ கையில வச்சிருக்கா. நான் பாத்தேன்."

"நான் படிச்சேன்மா. லோரி அளவு."

"நான் கண்ணால பாத்தேன்."

"நான் விரலால படிச்சேன்."

என் கழுத்தை அழுத்திக்கொண்டிருந்த மனைவி குனிந்து, "மூணு நாளா இதே பேச்சுதான்க்கா" என்றாள்.

விஷயம் இதுதான். அந்தக் கணவருக்கு ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து பார்வை போனது. விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே பிரெய்ல் கற்றுக்கொண்டு முதன்முதலில் முழுதாகப் படித்தது ஓர் இங்கிலீஷ் சிறுவர் கதை. சாதாரணப் புத்தகமாக இருந்திருந்தால் கையளவு இருக்கும். பிரெய்லில் நான்கு தடிமனான தொகுதிகள். ஒரு தீவு. ஒருநாள் அங்கே கடல் உள்வாங்கிப் போகிறது, திரும்பி வருவதில்லை. படகுகள் எல்லாம் சேற்றில் சாய்ந்து கிடக்கின்றன. ஒரு சின்னப் பெண் கடலைத் திரும்பக் கூப்பிட்டு வருவதற்காக வறண்டுபோன கடலடியில் நடக்க ஆரம்பிக்கிறாள். வழியில் ஒரு நண்டு அவளோடு சேர்ந்துகொள்கிறது. ஒரு வார்த்தை பேசாத நண்டு. இந்தக் கதையைத்தான் அவர் மகளுக்கு மூன்று வயதிலிருந்து சொல்லி வந்திருக்கிறார். அவர் சொன்ன கதையில் நண்டு லோரி அளவு.

அந்தக் கதையைப் பல வருஷங்களுக்கு முன்பே கையால் வரைந்து கார்ட்டூன் படமாக எடுத்திருக்கிறார்கள். அவர் பிறப்பதற்கும் முந்திய படம். அந்த வாரம் வியாழக்கிழமை மழை கொட்டியதால் விளையாட்டுப் பாடத்துக்குப் பதிலாக டீச்சர் அந்தப் படத்தைப் போட்டிருக்கிறார். பாதிப் படத்தில் மணி அடித்துவிட்டது. பாதிக்குள்ளேயே மகள் நண்டைப் பார்த்துவிட்டாள். உள்ளங்கையில் அடங்குகிற நண்டு.

திரைக்கு அப்பாலிருந்து அவர் குரல் என்னைக் கூப்பிட்டது.

"அக்கா, நீங்க கோர்ட்டுல வேல பாக்குறீங்கல்ல? ஒருத்தர் சொல்றத அப்படியே இன்னொருத்தருக்குச் சொல்ற வேல?"

"ஆமா தம்பி."

"ஒருநாள் வீட்டுக்கு வந்து அந்தப் படத்தப் பாத்து எங்க ரெண்டு பேருக்கும் சொல்றீங்களா? எப்படி இருக்கோ அப்படியே. என் பக்கமும் பேசக்கூடாது, அவ பக்கமும் பேசக்கூடாது."

நான் யோசிக்கவே இல்லை. "வரேன்" என்றேன். இதில் என்ன கஷ்டம் இருக்கப் போகிறது? பேசுவதுதானே என் தொழில்.

அடுத்த நாள் ஞாயிறு. மதியம் இரண்டு மணிக்கு, உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த கறிபாப் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நான்காவது மாடி. இப்போது புதுப் படங்களுக்கு, திரையில் நடப்பதைச் சொல்லும் ஒரு குரலையும் சேர்த்தே தருகிறார்கள். இந்தப் பழைய படத்துக்கு அப்படி எதுவும் இல்லை என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். சோபாவில் கணவர், மனைவி, நடுவில் மகள். நான் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். படம் ஆரம்பித்தது.

பத்து நிமிஷத்துக்குள் சொதப்பினேன்.

முதல் தப்பு, திரையில் ஒரு மீனவன் வாயைத் திறந்தவுடன் நான் அவன் பேசியதைத் தமிழில் சொல்லத் தொடங்கியது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், வாய் தானாக ஓடியது. மனைவி என் முழங்கையைத் தொட்டாள்.

"அக்கா, அவங்க பேசுறது எங்களுக்குக் கேக்குது. இங்கிலீஷும் தெரியும் லா."

சரி என்று பேச்சை விட்டுப் படத்தைப் பிடித்தேன். இரண்டாவது தப்பு அங்கேதான். வானம் இளநீலம், மேகம் வெள்ளை, மணல் வெளிறிய மஞ்சள், பெண்ணின் சட்டை சிவப்பு, படகு பச்சை என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அந்தப் பெண் அதற்குள் வீட்டைவிட்டுக் கிளம்பி, படியிறங்கி, கடற்கரைக்கே போய்விட்டாள். அவள் நடந்ததை நான் சொல்லவே இல்லை. நடுவே ஒரு இடத்தில் எந்தச் சத்தமும் இல்லாமல் காற்று மட்டும் வீசியது. கடல் இல்லாமல் போன தீவின் அமைதி. அதன் மேலும் நான் பேசிக்கொண்டே இருந்தேன்.

"நிறுத்துங்கக்கா" என்றாள் மனைவி. கோபமாக இல்லை. பிடிப்பு எங்கே இருக்கிறது என்று விரலால் தேடிக் கண்டுபிடிப்பாளே, அதே குரல். "நான் பொறந்ததுலேர்ந்து பாத்ததில்ல. நீலம்னு சொன்னா எனக்கு அது ஒரு வார்த்தை, அவ்வளவுதான். எவ்வளவு தூரம், எவ்வளவு பெரிசு, யார் எதத் தொடுறாங்க, வேகமா போறாளா மெதுவா போறாளா, அதச் சொல்லுங்க."

"எனக்கு நிறம் வேணும்" என்றார் கணவர் உடனே. "ஒம்பது வருஷம் பாத்துருக்கேன். நீலமும் சிவப்பும் நல்லா ஞாபகம் இருக்கு. பச்சதான் இப்பல்லாம் கொஞ்சம் சந்தேகமா இருக்கு."

"காத்து சத்தம் வரும்போது பேசாதீங்க ஆன்டி" என்றாள் மகள். "எனக்கு அது பிடிக்கும்."

ஒரே நேரத்தில் மூன்று நீதிபதிகள். நீதிமன்றத்தில்கூட எனக்கு இப்படி நடந்ததில்லை. சிரிப்பு வந்துவிட்டது. "சரி, மொதல்லேர்ந்து போடுவோம்" என்றேன்.

இரண்டாவது முறை வாயைக் கட்டினேன். திரையில் யாராவது பேசினால் நான் பேசவில்லை. இரண்டு பேச்சுக்கு நடுவில் கிடைக்கிற இடைவெளியில், எது நடக்கிறதோ அதை முதலில் சொன்னேன். நேரம் மிச்சமிருந்தால் ஒரே ஒரு நிறம். 'படி இறங்குகிறாள், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து.' 'தரை காலடியில் நழுவுகிறது.' 'படகு சாய்ந்து கிடக்கிறது, அதன் அடிப்பக்கம் இவளைவிட உயரம். பச்சை, வாழையிலைப் பச்சை.' கணவர், "ஆங், வாழையில" என்று தலையை ஆட்டினார். எனக்குத் தைரியம் வந்தது. பிடி கிடைத்துவிட்டால் நான் விடமாட்டேன்.

நண்டு வந்தது. ஒரு பாறையிடுக்கிலிருந்து வந்து அந்தப் பெண்ணின் செருப்பில் ஏறி நின்றது. நான் சொல்வதற்கு வாயெடுக்கும் முன் மகள் அம்மாவின் கையை எடுத்தாள். உள்ளங்கையைக் குவித்து, விரல்களை மடக்கி, ஒரு கிண்ணம் மாதிரி ஆக்கினாள்.

"இவ்வளவுதாம்மா நண்டு. இதுக்குள்ள உக்காந்துக்கும்."

நான் உறுதி செய்தேன். "ஆமா. உள்ளங்கை அளவு. ஆரஞ்சு நிறம். ஒரு கொடுக்கு பெரிசு, ஒண்ணு சின்னது."

கணவர் தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு, "சரி. சாட்சி சொல்லியாச்சு. படக்காரங்க மாத்திட்டாங்க" என்றார். மகள் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் சோபாவில் ஒரு குதி குதித்தாள். அவரும் சிரித்தார். நானும் கறிபாப் ஒன்றை எடுத்துக் கடித்தேன். வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

பள்ளியில் மணி அடித்த இடத்தைத் தாண்டிப் படம் போனது. இனிமேல் வருவது மகளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கணவருக்கு மட்டும் புத்தகத்தில் படித்தது தெரியும். அந்தப் பெண் கடலடியின் ஓரத்துக்கே போய்விட்டாள். அங்கே கடல் ஒரு சுவர் மாதிரி நிற்கிறது. அவள் அதோடு பேசுகிறாள். கடல் அசைகிறது. திரும்பி வரத் தொடங்குகிறது. அவளோ நடுக்கடலடியில் நிற்கிறாள். கரை எங்கோ இருக்கிறது.

கணவர் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப ஏறுவா பாரு" என்று மகளிடம் சொன்னார். "நண்டு குனிஞ்சு குடுக்கும். முதுகுல ஏறி உக்காந்துக்குவா. நண்டு அவளத் தூக்கிக்கிட்டு ஓடும். கரை வரைக்கும் விடவே விடாது. எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம்."

திரையில் அந்தப் பெண் குனிந்தாள். நண்டை இரண்டு கையாலும் எடுத்தாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடத் தொடங்கினாள்.

பேச்சு இல்லை. வெறும் இசை. நான் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியப் போவதில்லை.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று அப்போது எனக்குத் தோன்றியது உண்மை. காரணம் இருந்தது. இரண்டு மாதம் முன்பு கடைக்கு வந்திருந்த ஓர் ஆன்டி மகளின் கன்னத்தைத் தட்டி, "அப்பா அம்மாவுக்கு நீதான் கண்ணு, பத்திரமா பாத்துக்க" என்றார். கணவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "இல்ல ஆன்டி. அவ எங்களுக்குப் பொண்ணு. கண்ணுக்குக் கம்பு இருக்கு." அந்த வீட்டில் அது சட்டம். மகள் தெருவில் அப்பாவின் விரலைப் பிடித்து நடப்பாள், எல்லாப் பிள்ளைகளும் பிடிப்பது மாதிரி. வழிகாட்ட விடமாட்டார்கள். சாலையைக் கடக்கும்போது கம்பைத் தட்டிக்கொண்டு முன்னால் போவது அவர்கள்தான். பிள்ளை மேல் பாரம் ஏற்றக்கூடாது என்று இரண்டு பேரும் அவள் பிறப்பதற்கு முன்பே பேசி முடிவு செய்ததாக மனைவி என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

இதெல்லாம் தெரிந்துதான் சொன்னேன்.

"குனியுறா. நண்ட ரெண்டு கையாலயும் தூக்குறா. நெஞ்சோட வச்சுக்கிட்டு ஓடுறா."

"யாரு யாரத் தூக்குறா?"

"பொண்ணு. நண்ட."

"நிறுத்துங்க" என்றார்.

நிறுத்தினேன். திரையில் அவள் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றாள். பின்னால் அலை அப்படியே நின்றது. சாலையில் ஒரு லோரி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"இது என்ன கதை?" என்றார் அவர். குரல் உயரவில்லை. "சின்னப் புள்ளைய போய்த் தூக்க வைக்கிறானுங்க. பெருசு தூக்கணும். அதுதான் கதை. அதுக்காகத்தான் அது லோரி அளவு."

மகள் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. "நான் ஒண்ணும் பண்ணலப்பா" என்றாள். "படத்துலதான் தூக்குறா."

கூண்டில் நிற்கிற சாட்சி அழுதால் நான் கைக்குட்டை கொடுக்க மாட்டேன், அது என் வேலை இல்லை. ஆனால் இது நீதிமன்றமும் இல்லை. கை என்னையறியாமல் அந்தப் பிள்ளையின் தலைக்குப் போனது.

மனைவிதான் பேசினாள். கணவரிடமும் பேசவில்லை, மகளிடமும் பேசவில்லை. என்னிடம்தான்.

"அக்கா, கடல் வந்துக்கிட்டு இருக்கு. புள்ள நடுவுல நிக்குது. அது வீடு போய்ச் சேந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியணும். போடுங்க."

கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டேன்.

அவள் ஓடினாள். நான் சொல்லிக்கொண்டே வந்தேன். சேற்றில் கால் புதைகிறது. ஒரு செருப்பு போய்விட்டது. அலை பின்னால் வருகிறது, இன்னும் ஒரு கால்பந்துத் திடல் தூரம். முன்னால் பாறைகள். பாறைகளுக்கு நடுவே மூன்று வழிகள் பிரிகின்றன. அவள் நிற்கிறாள். இந்தப் பக்கம் பார்க்கிறாள், அந்தப் பக்கம் பார்க்கிறாள். அவளுக்குத் தெரியவில்லை. அப்போது நான் அதைப் பார்த்தேன். சின்ன அசைவுதான், கறிபாப்பைக் கடித்துக்கொண்டிருந்தால் தவறவிட்டிருப்பேன்.

"நண்டு அவ கையிலேர்ந்து ஒரு கொடுக்க நீட்டுது. ஒரு பக்கமா காட்டுது. அவ அந்தப் பக்கம் ஓடுறா. மறுபடியும் பிரியுது. மறுபடியும் நண்டு காட்டுது. அவ ஓடுறா."

கணவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"எந்தக் கொடுக்கு?"

"எடது. பெரிய கொடுக்கு."

"புஸ்தகத்துல வலதுதான் பெரிசு" என்றார். ஒரு மூச்சு விட்டார். "பரவால்ல. சொல்லுங்க."

மகள் மெதுவாக நகர்ந்து அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள். எட்டு வயது, நீளக் கால், பாதி உடம்பு சோபாவுக்கு வெளியே தொங்கியது. அவர் அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அப்படியே கரை வந்து சேர்ந்தது. கடல் படகுகளைத் தூக்கி நிமிர்த்தியது. மீனவர்கள் ஓடி வந்தார்கள். புத்தகத்தில் நண்டு அவளைக் கரையில் இறக்கிவிட்டுக் கடலுக்குள் போய்விடுமாம், திரும்பி வராதாம். படத்தில் அவள் அதைத் தன் அறைக்குக் கொண்டுபோய், ஒரு வாளியில் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொள்கிறாள்.

"வாளியிலயா?" என்று கணவர் வெடித்துச் சிரித்தார். "பாவம்டா அந்த நண்டு!"

"வீட்டுலயே இருந்தா நல்லதுதானேப்பா!"

"நீ வாளியில இருந்து பாரு, தெரியும்."

"படந்தான் நல்லாருக்கு."

"புஸ்தகந்தான்."

"ரெண்டுமே நீளம்" என்று மனைவி எழுந்து தேநீர் போடப் போனாள்.

திரும்பும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. கிள்ளான் வரும்வரை ஜன்னல் வழியாகத் தெரிவதையெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எதிரில் இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கு அக்கறையில்லை. இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்கள் பேசியதைத்தான் சொல்லியிருக்கிறேன். நான் பார்த்ததைச் சொல் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. இந்த வேலையும் எனக்கு வரும், பழகினால் மிக நன்றாக வரும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

கணவர் சும்மா இருக்கவில்லை. கடைக்கு வருகிறவர், போகிறவர், நண்பர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஒரு மாதத்துக்குள் பிரிக்பீல்ட்ஸிலேயே ஒரு சின்னக் கூடத்தை ஏற்பாடு செய்து, "அக்கா, நாப்பது பேர் வராங்க, புள்ளைங்க தனி" என்று போன் செய்தார். அதே படம். உரிய இடத்தில் அனுமதி வாங்குவதை நண்பர் ஒருவர் பார்த்துக்கொண்டார்.

நான் அந்தப் படத்தைப் பதினொரு முறை பார்த்தேன். எந்த நிமிஷத்தில் எவ்வளவு இடைவெளி, அதில் எத்தனை வார்த்தை நுழையும் என்று ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதினேன். எழுதியதை போனில் மனைவியிடம் படித்துக் காட்டுவேன். அவள் தயவு பார்க்காமல் வெட்டுவாள். "'அழகான கடல்'னு சொல்லாதீங்கக்கா. கடல் என்ன செய்யுதுன்னு சொல்லுங்க. அழகா இல்லையான்னு நாங்க முடிவு பண்ணிக்கிறோம்." 'சோகமாகப் பார்க்கிறாள்' என்பதையும் வெட்டினாள். "மொகம் என்ன பண்ணுது? அதச் சொல்லுங்க." நான் திரும்பப் போய்ப் பார்த்தேன். படத்துப் பெண் கீழுதட்டைப் பல்லால் இழுத்துப் பிடித்திருந்தாள். அதை எழுதிக்கொண்டேன்.

அந்த ஞாயிறு கூடம் நிறைந்துவிட்டது. கம்புகளை மடித்து நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். கண் தெரிந்த பிள்ளைகள் பதினைந்து பேர் முன்னால் பாயில். மகள் எனக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்திருந்தாள். மைக் என் கையில். முதல் ஒரு மணி நேரம் ஒரு இடத்தில்கூட நான் தடுமாறவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். நான் அதிகம் பெருமைப்பட்டது அதற்குத்தான், ஏனென்றால் என் வார்த்தை அரை நொடி பிந்தியிருந்தால் அந்தச் சிரிப்பு இரண்டாகப் பிரிந்திருக்கும்.

கடல் அசையத் தொடங்கிய இடத்தில் 'டப்' என்று புரொஜெக்டர் விளக்கு போய்விட்டது. சுவர் வெறும் சுவரானது. ஒலிபெருக்கிக்குத் தனி இணைப்பு என்பதால் சத்தம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் "ஏய்ய்" என்று கத்தினார்கள். பெரியவர்கள் தலையைத் திருப்பினார்கள். "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?"

படம் ஓடுகிற மாதிரியே நான் தொடர்ந்திருக்கலாம். அவர்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவந்து சொன்னேன்: "படம் போயிடுச்சு. சுவத்துல ஒண்ணும் தெரியல. சத்தம் மட்டும் வருது. நீங்க சரின்னா ஞாபகத்துலேர்ந்து சொல்றேன்."

பின்வரிசையிலிருந்து மசாஜ் கடைக்காரரின் குரல் வந்தது.

"எங்களுக்கு எப்பவும் இப்படித்தான்க்கா. நீங்க சொல்லுங்க லா!"

கூடமே அதிர்ந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் இசை மாறிவிட்டது, அவள் நண்டைத் தூக்குகிற இசை. நான் நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். வெறும் சுவரைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினேன். குனிகிறாள், தூக்குகிறாள், ஓடுகிறாள், பின்னால் ஏழு மாடி உயரத்துக்கு அலை. ஒவ்வொரு மேளச் சத்தத்துக்கும் எந்தக் கால் முன்னால் வரும் என்பதுகூட எனக்குத் தெரிந்திருந்தது. நின்று கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஒரு பையன் பின்னால் போய்த் தன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, "இப்ப என்னம்மா?" என்றான். "சும்மா கேளு" என்றாள் அவள்.

"பாறைக்கு நடுவுல ரெண்டு வழி பிரியுது" என்றேன்.

"மூணு, ஆன்டி" என்றாள் மகள், மைக்கில் கேட்கும்படி.

"திருத்தம். மூணு வழி."

ஒருவர் கைதட்டினார். நான் நிறுத்தவில்லை. கடல் திரும்பி வந்து படகுகளை நிமிர்த்தும் வரை விளக்கும் வரவில்லை. வாளிக் காட்சியில் யாரோ ஒரு பெண், "ஐயோ, நண்ட விட்டுரு!" என்று கத்தினாள். அந்தக் கத்தலோடு படம் முடிந்தது.

வெளியே போகும்போது ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். மனைவி என் கழுத்தில் கை வைத்து இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "நிமிந்து நின்னு பேசியிருக்கீங்க, நல்லது" என்றாள். கடைசியாக ஒருவர் வந்தார். எழுபது வயதிருக்கும், ஓர் அலுவலகத்தில் தொலைபேசி இணைப்பு கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அலை ஏழு மாடி உயரம்னு சொன்னீங்க. யாரு அளந்தா?"

"கரையில ஒரு கலங்கரை விளக்கம் இருக்கு அங்கிள். கீழேர்ந்து மேல வரைக்கும் ஏழு ஜன்னல். அலை மேல் ஜன்னல் வரைக்கும் வந்துச்சு. நிறுத்தி நிறுத்தி எண்ணினேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"எண்ணினீங்களா? அப்ப சரி" என்று கம்பை விரித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.